பிலிகுண்டுலுவின் வரவு செலவு

686.406 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தின் பரப்பு இது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில், காவிரி மலைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் இடத்தில், அதன் இடக்கரைக் காடுகளைச் சேர்த்து உருவாக்கிய சரணாலயம். மாநிலத்தில் 17ஆவது. ஹெக்டேரில் 68,640, ஏக்கரில் ஏறத்தாழ 1,69,600.

செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரம் மனைகளைச் சென்ட் கணக்கில் பேசிப் பழகிய பொத்தேரிக்காரர்களுக்கு இந்த அளவு உடனே மனதில் ஏறாது. நம் பக்கத்து அளவுகோல்களை வைத்துப் பார்க்கலாம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா மொத்தம் 602 ஹெக்டேர். அப்படி 114 வண்டலூரைச் சேர்த்தால்தான் இந்தக் காடு. கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர். அதில் 250 வேண்டும். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்திலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் உரிமை வாங்கிவைத்த ஏரி அது. அந்த 30 ஹெக்டேருக்குள் எத்தனை ஆயிரம் பறவைகள் கூடு கட்டுகின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு, 68,640 ஹெக்டேர் ஒரே தொடர்ச்சியாகக் காக்கப்படுவதன் பொருள் புரியும்.

அந்தக் காட்டுக்கு நாம் போய் வருவதில் பணமாக, எரிபொருளாக, தண்ணீராக என்ன செலவாகிறது, அந்தக் காடு நமக்கு என்ன தருகிறது என்ற கணக்கு இது. பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வார இறுதியில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காட்டோரத்து ஒகேனக்கல் அருவிக்குக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கையில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் சாலை. பொத்தேரியிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் சுமார் 50 கி.மீ. அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூர், வாணியம்பாடி தாண்டிக் கிருஷ்ணகிரி வரை இன்னொரு 190. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி 47. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46. கூட்டினால் 330ஐத் தாண்டும். போக வர 660. உள்ளூர் அலைச்சல் சேர்த்து 700 என்று வைப்போம்.

நான்கு பேர் ஏறிய சிறிய கார் லிட்டருக்கு 17, 18 கி.மீ. கொடுத்தால் 40 லிட்டர் பெட்ரோல் ஆகும். லிட்டர் 101 ரூபாய் என்றால் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல், தலைக்கு 1,000. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். 40 லிட்டருக்கு 92 கிலோ. ஒருவர் பங்கு 23 கிலோ. இதே தூரத்தை 50 பேர் ஏறிய அரசுப் பேருந்தில் கடந்தால், லிட்டருக்கு 5 கி.மீ. என்று வைத்து 140 லிட்டர் டீசல், தலைக்கு 2.8 லிட்டர், கரியமில வாயு ஏழரைக் கிலோ. மூன்றில் ஒரு பங்கு. கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30இல் திறந்ததிலிருந்து வெளியூர்ப் பேருந்து பொத்தேரிக்குப் பக்கத்துத் தெருவில் நிற்பதுபோல ஆகிவிட்டது. தருமபுரியில் இறங்கி, பென்னாகரம் வழிப் பேருந்தில் மாறி ஏறுவது களைப்புதான். ஆனாலும் அந்தக் கடைசி 46 கி.மீ.யை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் இறங்கத் தொடங்குகிறது. 16 கி.மீ. மலை இறக்கம். ஓட்டுபவர் கண் வளைவிலேயே இருக்கும்; பார்க்கும் பாக்கியம் பயணிக்குத்தான்.

சுங்கச்சாவடி, சாப்பாடு, தங்கும் அறை என்று மீதிச் செலவு அவரவர் வசதிப்படி. நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. இந்தப் பயணத்தில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பெட்ரோல் பங்கிலும் நெடுஞ்சாலையிலுமே தீர்ந்துவிடுகிறது. பரிசல்காரர், மீன் வறுத்துத் தரும் பெண், எண்ணெய் தேய்த்துவிடுபவர் என ஒகேனக்கல்காரர்கள் கைக்குப் போவது கடைசியில் மிஞ்சும் தொகை. அந்தத் தொகையில்தான் பலரும் பேரம் பேசுகிறார்கள். விடியற்காலை புறப்பட்டு நள்ளிரவில் திரும்பும் அவசரப் பயணத்தைவிட, ஒரு இரவு அங்கேயே தங்கினால் அதே பெட்ரோல் செலவில் ஊருக்குள் போகும் பணம் இரண்டு மடங்காகும்.

இனி தண்ணீர். இந்தக் கணக்கின் பெரிய பகுதி இதுதான்.

ஒகேனக்கல்லுக்கு மேலே, இரு மாநில எல்லையில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் அங்கே உள்ளது. கர்நாடகம் விடும் தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வந்ததா, எவ்வளவு வந்தது என்பதற்கு அந்த நிலையத்தின் எண்தான் சாட்சி. 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு தந்தபோது இந்த இடத்தில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதில் 14.75ஐக் குறைத்து 177.25 ஆக்கியது. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். செய்தித்தாளில் வரும் இரண்டு அளவுகளையும் இணைக்கும் இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால், காவிரிச் செய்தி எதுவும் குழப்பாது.

177.25 டி.எம்.சி. எந்த மாதம் எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. அதை நொடிக்கு எத்தனை கன அடி என்று நான் மாற்றிப் பார்த்தேன். சராசரிதான், ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

ஜூன்: 9.19 டி.எம்.சி., நொடிக்கு சுமார் 3,550 கன அடி
ஜூலை: 31.24, 11,660
ஆகஸ்ட்: 45.95, 17,160
செப்டம்பர்: 36.76, 14,180
அக்டோபர்: 20.22, 7,550
நவம்பர்: 13.78, 5,320
டிசம்பர்: 7.35, 2,740
ஜனவரி: 2.76, 1,030
பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5, நொடிக்கு 930இலிருந்து 1,030 வரை

ஜி.எஸ்.டி. சாலையில் கோடை முழுக்க ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகஸ்ட் சராசரிப்படி அந்தப் பள்ளத்தாக்கில் நொடிக்கு 40 லாரி போகிறது. மே மாதத்தில் நொடிக்கு இரண்டு லாரி.

செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளில் பெரியது மதுராந்தகம். அதன் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி, அதாவது 0.694 டி.எம்.சி. ஆகஸ்ட் ஒரு மாதத்துப் பங்கில் மதுராந்தகம் ஏரியை 66 முறை நிரப்பலாம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை ஆகிய ஐந்து நீர்த்தேக்கங்களையும் சேர்த்தால் 11.757 டி.எம்.சி. சென்னை ஆண்டு முழுக்க அண்ணாந்து பார்க்கும் அந்த மொத்தக் கொள்ளளவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு, அந்த ஒற்றை மாதத்தில் பிலிகுண்டுலுவைத் தாண்ட வேண்டும்.

தாண்ட வேண்டும் என்பது சட்டம். தாண்டுகிறதா என்பது மழை. 2022-23 நீராண்டில் 600 டி.எம்.சி.க்கும் மேல் வந்தது. அடுத்த ஆண்டே, 2023-24இல், வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள். ஒரே பாறை, ஒரே ஆறு. ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளிப் பிழைப்பவரின் வருமானம் இந்த ஏற்ற இறக்கத்தின் மேல் நிற்கிறது. அதிலும் ஒரு கொடுமை உண்டு. தண்ணீர் குறைந்தாலும் அவருக்குத் தொழில் மந்தம். தண்ணீர் பெருகினாலும் தடை. வரத்து பல ஆயிரம் கன அடியாக உயர்ந்ததும் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடும். ஆடிப்பெருக்குக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும் நேரத்தில்தான் ஆற்றில் தண்ணீரும் உச்சத்தில் இருக்கும். படித்துறைக்குக் கயிறு கட்டிக் காவலர்கள் நிற்பார்கள். கூட்டமும் வெள்ளமும் ஒன்றாக வருவதால் பரிசல்காரர் கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் ஆடியில் போகாதீர்கள் என்று சொல்கிறேன். கோடை விடுமுறையிலும் வேண்டாம். நொடிக்கு 1,000 கன அடியில் பல அருவிகள் வெறும் பாறையாக நிற்கும். அட்டவணையைப் பார்த்தால் நவம்பர், டிசம்பர்தான் நமக்கான மாதங்கள். 5,000இலிருந்து 2,700 வரை இறங்கிவரும் நீர். அருவியும் இருக்கும், பரிசலும் ஓடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் வார இறுதிகளைத் தவிர்த்து செவ்வாய், புதனில் போனால் ஆற்றின் சத்தத்தைக் கேட்கலாம்.

பரிசலைப் பக்கத்தில் நின்று பாருங்கள். குறுக்கே சுமார் ஏழு அடி. பிளந்த மூங்கில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, விளிம்பில் கனமான மூங்கில் வளையத்தை முறுக்கிக் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் அடியில் தோல். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். கைதேர்ந்தவர் ஒரு நாளில் ஒன்றை முடித்துவிடுவார். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் ஒரு சாண் தண்ணீர் போதும். கூரிய அடிப்பாகம் உள்ள படகு உடைந்துபோகும் பாறை இடுக்கில் இது நழுவிப் போகும். ஓட்டுபவர் முன்விளிம்பில் குந்தி உட்கார்ந்து ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். பின்னாலிருந்து தள்ளினால் பரிசல் தன்னைத்தானே சுற்றும். திரும்பும்போது எதிர்நீரில் ஏற்ற முடியாத இடங்களில் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு பாறை வழியே நடக்கிறார். அந்த நடையும் நாம் கொடுக்கும் கட்டணத்தில் அடக்கம்.

2015 ஏப்ரலில் இங்கே பரிசல் கவிழ்ந்து, சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை வெயிலுக்காகவோ போட்டோவுக்காகவோ கழற்றாதீர்கள். ஒரு பரிசலுக்கு இத்தனை பேர் என்று பலகையில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்றச் சொல்லி ஓட்டுபவரைக் கெஞ்சாதீர்கள். ஏறும் முன் "அண்ணே, இன்னைக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேளுங்கள். எத்தனை ஆயிரம் கன அடி என்று உடனே சொல்வார். பிலிகுண்டுலுவின் எண் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பரிசல் போகும் பகுதியின் பாறையும் சாதாரணமானதல்ல. பூமிக்குள் பாறைக்குழம்பு இறுகி உருவான கார்பனடைட் என்ற அரிய பாறை இங்கே உண்டு. வயது சுமார் 240 கோடி ஆண்டு.

அருவியையும் மீன் கடைகளையும் தாண்டினால் காடு. சரணாலய அறிவிப்பின்போது அரசு சொன்ன கணக்கு 35 வகைப் பாலூட்டிகள், 238 வகைப் பறவைகள். யானை, சிறுத்தை, நாற்கொம்பு மான், நீர்நாய், சாம்பல் நிற மலை அணில். இந்த அணில் ஆற்றோரத்து மருத மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்களில் வாழ்வது. கரை மரம் வெட்டப்பட்டால் அதற்குப் பாதை அறுந்துபோகும். தண்ணீருக்குள் லீத் மெல்லோட்டு ஆமை. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவின் விளிம்பில் உள்ள இனம். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர் மீனும் இந்த ஆற்றில்தான். 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடிய அந்த மீனுக்கு 2018இல்தான் அறிவியல் உலகம் சரியான இனப்பெயரை உறுதி செய்தது. அதே ஆண்டில் அது மிக அருகிப்போன இனங்களின் பட்டியலிலும் ஏறியது.

இந்த ஆற்றில் வாழும் முதலைக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையை 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் தொடங்கினார்கள். தோலுக்காகச் சுடப்பட்டு இந்திய ஆறுகளில் முதலைகள் தீர்ந்துகொண்டிருந்த காலம். அங்கே முட்டை பொரிக்க வைத்து வளர்த்த 1,500க்கும் மேற்பட்ட முதலைகள் ஆறுகளிலும் அணைகளிலும் மீண்டும் விடுவதற்காக மாநில வனத்துறைகளுக்கு வழங்கப்பட்டன. ஒகேனக்கல்லிலும் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நம் பிள்ளைகள் வடநெம்மேலியில் தொட்டிக்குள் பார்க்கும் அதே இனம், இங்கே நீர்த்திட்டில் வெயில் காய்கிறது. "இங்கே குளிக்காதீர்கள்" என்ற பலகை எங்கிருந்தாலும் அதற்குக் காரணம் உண்டு.

காட்டின் உண்மையான மதிப்பு, அது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதில் தெரியும். வடக்கே 2014இல் அறிவித்த காவிரி வடக்கு சரணாலயம் 504 சதுர கி.மீ. ஆற்றின் எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயம் 1,027. அதற்குத் தெற்கே மலை மாதேஸ்வரா சரணாலயம் 906. இந்த நான்கையும் கூட்டினால் 3,120 சதுர கி.மீ.யைத் தாண்டுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் 2,945 சதுர கி.மீ. நம் மாவட்டத்தின் ஊர்கள், ஏரிகள், தொழிற்பேட்டைகள், கடற்கரை எல்லாவற்றையும் விடப் பெரிய காடு அது. அதோடு முடியவில்லை. 2024 தொடக்கத்தில் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலைகளில் சுமார் 800 சதுர கி.மீ.யில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதை அடுத்து 1,408 சதுர கி.மீ. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அங்கிருந்து முதுமலை, நீலகிரி.

2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063 யானைகள். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீவனமும் அதே அளவு லிட்டரில் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்று அதைத் தேட முடியாது, நடந்தாக வேண்டும். கர்நாடகக் காடுகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகையில் யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். அங்கே ராகி கதிர் பிடித்து நிற்கும் பருவம். ஆற்றின் இரு கரையிலும் காடு தொடர்ந்தால் யானைக்கு மேய்ச்சலும் உழவனுக்கு ராகியும் மிஞ்சும். நான் பரிந்துரைத்த அதே மாதங்கள்தான் யானை நடமாட்டத்துக்கும் உரியவை. பென்னாகரம்–ஒகேனக்கல் சாலையில் இருட்டிய பின் வண்டி ஓட்டாதீர்கள். பைக்கில் வரும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இந்தக் காடு வெகுகாலம் வேறொரு பெயரால் அறியப்பட்டது. சந்தன மரமும் தந்தமும் வெட்டிக் கடத்தப்பட்ட ஆண்டுகள் அவை. 2004 அக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டி அருகே அந்தக் கடத்தல் கும்பலின் தலைவர் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் கும்பலுக்கும் காவல்துறைக்கும் நடுவே சிக்கிச் சிறைக்கும் சித்திரவதைக்கும் ஆளான மலைக் கிராமத்து மக்கள் செலுத்திய விலைக்கு எந்த ஏட்டிலும் முழுக் கணக்கு எழுதப்படவில்லை.

ஆறு தரும் வரவுக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் பல் பழுப்பாகும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி முதுகு வளையும். சின்னப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகளைப் பார்த்த ஊர்கள் அங்கே ஏராளம். 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் முடித்து, 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த ஊர்களுக்குக் காவிரியைக் கொண்டுபோனது. ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. என்ற அளவில் வகுத்த திட்டம். 177.25இல் 1.4 என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் காக்க அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கீழே மேட்டூர். 1934இல் முடிந்த ஸ்டான்லி நீர்த்தேக்கம், முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12ஆம் தேதி மதகு திறக்குமா என்று டெல்டா முழுக்க எதிர்பார்த்திருக்கும் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் அங்கே சேருகிறது. கல்லணை, கொள்ளிடம், கீழணை, வடவாறு என்று போய் வீராணம் ஏரியில் நிற்கும் பங்கிலிருந்து, 2004 முதல் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்ற திறனுள்ள குழாய் சென்னைக்கு வருகிறது. ஆண்டு முழுக்க அந்த அளவு ஓடினால் 2.3 டி.எம்.சி. ஒகேனக்கல் பாறையில் நாம் கால் நனைக்கும் நீரில் ஒரு சிறு பங்கு சென்னையில் யாரோ ஒருவர் வீட்டுக் குழாயில் வருகிறது.

மேலே மேகேதாட்டு. கர்நாடகம் முன்வைக்கும் அணையின் கொள்ளளவு 67.16 டி.எம்.சி., மின் உற்பத்தி 400 மெகாவாட், 2019 அறிக்கையின்படி மதிப்பீடு 9,000 கோடி ரூபாய். பெங்களூருவின் குடிநீருக்குக் கேட்பது 4.75 டி.எம்.சி. பெங்களூருவுக்குத் தாகம் உண்மை. அங்கே நம் பிள்ளைகளும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அணையில் மூழ்கக்கூடியது ஏறத்தாழ 5,000 ஹெக்டேர், பெரும்பகுதி சரணாலயக் காடு. ஆற்றோரக் காடு என்பது கரையை ஒட்டி நீளமாக ஓடும் ஒரு குறுகலான பட்டை. மலை அணிலும் நீர்நாயும் கோடையில் யானையும் நம்பியிருப்பது அந்தப் பட்டையைத்தான். மூழ்குவதில் முதலாவது அதுதான். ஈடாக வேறு எங்கோ வறண்ட மேட்டில் 5,000 ஹெக்டேருக்கு மரக்கன்று நடலாம். ஆற்றங்கரையை நட முடியாது. இரு மாநிலத் தகராறாக மட்டும் இதைப் பேசிப் பேசி, காட்டின் பங்கைப் பேச மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

செலவுப் பத்தியில் இன்னும் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். மாடு மேய்ப்பவர். காவிரிக் கரையின் ஆலம்பாடி என்ற ஊரின் பெயரால் அறியப்படும் நாட்டு மாட்டினம் இந்தக் காட்டோரத்தில் உருவானது. சாம்பல் கறுப்பு உடம்பு, பின்னால் சாய்ந்த கொம்பு, கரடுமுரடான மலையில் ஏறி இறங்கும் கால். பகலில் காட்டில் மேய்த்து இரவில் பட்டியில் அடைத்து வளர்க்கும் முறை; சாண எருவுக்கும் உழவு மாட்டுக்கும் அதில்தான் வருமானம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற எல்லைக்குள் சுருக்கப்பட்டது. மலை மக்கள் மூச்சு விட்டார்கள். எட்டு மாதம் கழித்து அவர்கள் காடே சரணாலயம் ஆனது.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயிரக்கணக்கான மாடுகள் மேய்ந்தால் காட்டு விலங்குக்குப் புல் மிஞ்சாது, மாட்டு நோய் காட்டெருமைக்கும் மானுக்கும் தொற்றும் என்பதும் உண்மை. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சிறு வன மகசூலையும் உரிமையாகவே ஏற்கிறது. சரணாலயத்துக்குள்ளும் அந்த உரிமையை முறைப்படி விசாரித்துத் தீர்க்காமல் பறிக்க இடமில்லை. கிராம சபை கூட்டி, எந்தப் பட்டிக்கு எத்தனை மாடு, எந்தப் பருவத்தில் எந்தச் சரகம் என்று எழுதி முடிக்கும் வேலையை அரசு தள்ளிப்போடக் கூடாது. சுற்றுலாவில் வசூலாகும் தொகையில் ஒரு பங்கு ஆலம்பாடி மாட்டுப் பட்டிகளுக்கும் யானை அழித்த ராகி வயலுக்கும் தாமதமின்றிப் போக வேண்டும். பொத்தேரியிலிருந்து தலைக்கு 1,000 ரூபாய் பெட்ரோலுக்குக் கொடுத்துப் போகிற நாம், நுழைவுக் கட்டணத்தில் இன்னொரு 50 ரூபாய் அதற்கென்று கேட்டால் மறுக்க மாட்டோம்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கிளம்பும் அன்று காலைச் செய்தியில் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பாருங்கள். 10,000 கன அடியைத் தாண்டியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அருவிப் பகுதிக்கு அப்பால் காட்டுக்குள் நுழைய 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி கட்டாயம். ஒற்றையடிப் பாதையைக் காட்டி, பணம் கொடுத்தால் உள்ளே கூட்டிப்போகிறேன் என்பவரோடு போகாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும், பென்னாகரத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மீன் வறுக்கும் அக்காவிடம் விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மசாலா தடவி இரும்புக் கல்லில் திருப்பிப் போடும் கட்லாத் துண்டோடு சோற்றையும் அங்கேயே வாங்குங்கள். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். மாலை நான்கு மணிக்குள் மலைச் சாலையில் மேலேறத் தொடங்கினால், வெளிச்சம் இருக்கும்போதே பென்னாகரம் போய்விடலாம். அங்கிருந்து தருமபுரிக்குப் பேருந்துகள் உண்டு.